நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டமும் தலையிடியும்

குடியிருப்பு ஓரிடத்திலும் தோட்டம் வேறோரிடத்திலும் இருப்பது இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களுக்குப் புதிய அனுபவமல்ல. உறவினர் வீட்டிலோ, வாடகைக் காணியிலோ, நலன்புரி நிலையத்திலோ இருந்துகொண்டு, விடியப்புறத்தில் சைக்கிளை எடுத்துப் பத்து, பதினைந்து, இருபது கிலோமீற்றர் மிதித்துச் சென்று, பகல் முழுவதும் மண்வெட்டியோடு நின்றுவிட்டு, மீண்டும் அதே தூரத்தை மிதித்துத் திரும்புகிறோம். காணி விடுவிக்கப்பட்டும் அங்கே வீடும் கிணறும் இல்லாதபடியால் இன்னமும் இவ்வாறு போய்வரும் குடும்பங்கள் பல உள்ளன.

எமது மக்களின் வாழ்வில் சைக்கிளுக்கு உள்ள இடம் பெரியது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின், வடபகுதிக்கு எரிபொருள் கொண்டுவருவது தடுக்கப்பட்டிருந்த ஆண்டுகளில், நோயாளியும் நெல்மூடையும் விறகும் சைக்கிளிலேயே சென்றன. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது, பல குடும்பங்களின் மொத்த உடைமையும் ஒரு சைக்கிளின் கரியரிலும் காண்டிலிலுமே தொங்கின. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது நாடு முழுவதுமே சைக்கிளைத் தேடியது. சைக்கிள் எமக்கு விளையாட்டுப் பொருளல்ல, உழைப்புக்கான கருவி.

அந்தக் கருவியைப் பயன்படுத்தும் பலர் ஒரு முறைப்பாட்டைக் கூறுகின்றனர். “தோட்டத்தால் வந்து சைக்கிளை விட்டு இறங்கியதும் தலை பிளக்கிறது” என்பதே அது. இத்தலையிடி ஏன் வருகிறது, அதை எவ்வாறு தடுக்கலாம், எப்போது வைத்தியரிடம் ஓடவேண்டும் என்பவற்றை இங்கே பார்ப்போம்.

ஒரு தாயின் கதை

நாம் அறிந்த ஒரு தாய், தமது பிள்ளைகளுடன் உறவினர் வீட்டில் தங்கியிருந்து, பதினான்கு கிலோமீற்றர் தொலைவிலுள்ள தமது காணியில் வெங்காயம் வைத்திருந்தார். கிழமையில் ஐந்து நாள்கள் போய்வருவார். வீடு திரும்பும்போது பின்கழுத்தில் தொடங்கும் நோ, மாலையில் தலையின் ஒரு பக்கமாக ஏறி, கண்ணுக்குப் பின்னால் நின்று குத்தும். சிலநாள் சத்தியும் வரும். கடையில் குளிசை வாங்கிப் போட்டார். முதலில் ஒன்று, பின்னர் இரண்டு. ஆறு மாதம் செல்லக் காலையில் புறப்படுமுன்பே இரண்டு போடும் நிலைக்கு வந்துவிட்டார். “குளிசை போட்டால்தான் வெங்காயத்துக்குத் தண்ணி விடலாம். குளிசை போடாட்டி காணியைத்தான் விடவேணும்” என்றார். காணியைக் குத்தகைக்குக் கொடுக்கும் பேச்சும் வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

அவர் காணியை விடவில்லை, குளிசையைத்தான் விட்டார். அது எவ்வாறு என்பதை இறுதியில் கூறுவோம். அதற்கு முன் காரணங்களை விளங்கிக்கொள்வது அவசியம்.

தலையில் நோவது எது?

மூளைக்கு நோவை உணரும் தன்மை இல்லை. மூளையை மூடியுள்ள சவ்வுகள், அங்குள்ள இரத்தக் குழாய்கள், மண்டையோட்டுக்கு வெளியேயுள்ள தசைகள், கழுத்துத் தசைகள், மூட்டுகள், நரம்புகள் ஆகியவையே நோகின்றன. நீண்டதூரம் சைக்கிள் ஓடும் ஒருவரிடம் இவற்றை நோகச் செய்யும் காரணங்கள் ஒன்றுக்கு மேற்பட்டு ஒரே நாளில் சேர்ந்துவிடுகின்றன. ஆதலால், “எனக்கு ஏன் தலையிடி?” என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு விடை அல்ல, மூன்று நான்கு விடைகள் இருக்கும். நல்ல செய்தி என்னவெனில், அவற்றுள் பல எமது கையாலேயே திருத்தக்கூடியவை.

1. தண்ணீர் போதாமை

வெயிலில் கடுமையாக உழைக்கும் ஒருவருக்கு ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ ஒரு லீற்றர் வரை வியர்வை வெளியேறலாம். சைக்கிளில் செல்லும்போது காற்றுப்பட்டு வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், எவ்வளவு நீர் போய்விட்டது என்பது எமக்குத் தெரிவதில்லை. 55 கிலோ நிறையுள்ள ஒருவர் ஒரு லீற்றருக்குச் சற்று அதிகமான நீரை இழந்தாலே அது அவரது நிறையின் நூற்றுக்கு 2 பங்காகும். அந்த அளவிலேயே களைப்பு, கவனக்குறைவு, தலையிடி என்பன தொடங்கக்கூடும்.

தண்ணீர் போதுமா என்பதை அறியச் சலத்தின் நிறத்தைப் பாருங்கள். இளமஞ்சளாக இருந்தால் போதும். கடும் மஞ்சளாகக் குறைந்த அளவில் போனால் போதவில்லை. புறப்படுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் இரண்டு கோப்பை தண்ணீர் குடியுங்கள். வழியில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறுகள் குடியுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

வியர்வையோடு உப்பும் போகிறது. நாள் முழுவதும் வியர்த்துவிட்டு வெறுந்தண்ணீரை மட்டும் அளவுக்கதிகமாகக் குடித்தாலும், உடலில் உப்பின் செறிவு குறைந்து, தலையிடி, சத்தி, தடுமாற்றம் என்பன வரலாம். உப்பிட்ட கஞ்சி, மோர், பழஞ்சோற்றுத் தண்ணீர் என்பன எமது முன்னோர் தோட்டத்துக்குக் கொண்டுசென்ற நல்ல பானங்கள். அவற்றுக்குக் காரணம் இருந்தது. மிகவும் களைத்தால் ‘ஜீவனி’ ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் சுத்தமான நீரில் முழுவதுமாகக் கரைத்துக் குடிக்கலாம். அது இல்லாவிடில், ஒரு லீற்றர் நீருக்கு மட்டமாக அளந்த ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்க்கலாம். உப்பு கூடினால் அது தீங்கு. உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக வருத்தம், இருதய வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக்கூடாது.

இங்கே பேசாமல் விடப்படும் ஒரு விடயம் உண்டு. எமது பெண்களுள் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் தோட்டத்துக்குச் செல்கின்றனர். வழியிலும் தோட்டத்திலும் மலசலகூடம் இல்லை என்பதே காரணம். இவர்களுக்கு “தண்ணீர் குடியுங்கள்” என்று மட்டும் கூறுவது பயனற்றது. நாலைந்து தோட்டக்காரர் சேர்ந்து கிடுகாலோ தகரத்தாலோ மறைத்த ஒரு மலசலகூடத்தைக் கிணற்றிலிருந்து போதிய தூரத்தில் அமைத்துக் கொடுத்தால், அதுவே அப்பெண்களின் தலையிடிக்கும் சலக்கடுப்புக்கும் முதல் மருந்தாகும்.

2. வெறும் வயிறும் தேத்தண்ணீரும்

வெறுந்தேத்தண்ணீரோடு புறப்பட்டுப் பதினொரு மணிக்குத்தான் முதற் சாப்பாடு என்பது பலரது வழக்கம். உடலில் சேமித்து வைக்கப்பட்டுள்ள மாச்சத்து இரவில் ஓரளவு குறைந்துவிடும். மிஞ்சியிருப்பதையும் ஒன்றரை மணித்தியால மிதிப்பு எடுத்துக்கொள்ளும். பசி, ஒற்றைத் தலையிடியைத் தூண்டும் காரணங்களுள் முக்கியமான ஒன்றாகும். இரண்டு வாழைப்பழம், ஒரு துண்டு பாண், ஒரு பிடி புட்டு, கஞ்சி என எதையாவது உண்டபின் புறப்படுங்கள். சட்டைப்பையில் கச்சானும் ஒரு துண்டு பனங்கட்டியும் வைத்திருப்பது நல்லது. நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ குளிசையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஒருபோதும் நெடுந்தூரம் ஓடக்கூடாது. சீனி இறங்கி மயங்கி விழும் ஆபத்து அவர்களுக்கு உண்டு.

தினமும் பலமுறை தேத்தண்ணீரோ கோப்பியோ குடித்துப் பழகியவர், ஒருநாள் அதைத் தவறவிட்டால் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் தலையிடி வரலாம். ஆகவே குடிக்கும் அளவையும் நேரத்தையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். குறைக்க விரும்பினால் சிறிது சிறிதாகக் குறையுங்கள்.

3. கழுத்தும் சைக்கிளும்

பின்கழுத்தில் தொடங்கி மேலே ஏறும் தலையிடிக்குப் பெரும்பாலும் சைக்கிள் அமைந்திருக்கும் விதமே காரணம். சீற் உயரமாகவும் காண்டில் பதிவாகவும் தூரமாகவும் இருந்தால், உடல் முன்னே சாய்கிறது. ஆனால் கண் வீதியைப் பார்க்க வேண்டும். ஆகவே கழுத்தைப் பின்னுக்கு வளைத்து நாடியை உயர்த்திக்கொண்டே ஓடுகிறோம். பிடரியிலுள்ள சிறு தசைகள் ஒன்றரை மணித்தியாலம் இறுகியபடியே இருக்கின்றன. கழுத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் நரம்புகளும் முகம், நெற்றி, கண் என்பவற்றிலிருந்து வரும் நரம்பும் மூளையின் அடிப்பகுதியில் ஒரே இடத்தில் வந்து சேர்வதால், கழுத்தில் உண்டான நோவைக் கண்ணுக்குப் பின்னால் உள்ள நோவாக உணர்கிறோம்.

இதற்குக் காசு செலவில்லை. ஒரு சாவி போதும்.

காண்டிலை சீற்றின் மட்டத்துக்கோ அதற்குச் சற்று மேலாகவோ உயர்த்துங்கள். காண்டில் தண்டில் உள்ள எல்லைக் குறிக்கு மேலே இழுக்க வேண்டாம். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்று மடிந்திருக்கத்தக்கதாக சீற்றை வையுங்கள். முழங்கை விறைத்திராமல் சிறிது மடிந்திருக்கட்டும். அப்போதுதான் குழி விழுந்த வீதியின் குலுக்கல் கழுத்துக்கு ஏறாது. ரயரில் காற்று அளவாக இருக்கட்டும். காற்றுக் குறைந்தால் மிதிக்கும் பாரம் கூடும். கல்லுப்போல் இறுகினால் குலுக்கல் கூடும்.

பாரத்தைக் கரியரில் நடுவாகக் கட்டுங்கள். ஒரு பக்கக் காண்டிலில் வாளியும் போத்தலும் தொங்கினால், சைக்கிளை நேரே வைத்திருக்க ஒரு பக்கத் தோள் முழுநேரமும் இழுத்துக்கொண்டிருக்கும். தெளிகருவியை முதுகில் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் ஓடுவதும் கழுத்துக்குக் கேடு. தகப்பனாரின் பெரிய சைக்கிளை ஓடும் பிள்ளைக்கும் இதே தொல்லை வரும்.

அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நில்லுங்கள். தோள்களைக் காதுவரை உயர்த்தி, பின்னுக்குச் சுழற்றி, கீழே விடுங்கள். நாடியை உள்ளே இழுத்து ஐந்து எண்ணும்வரை வைத்திருங்கள். இவ்வாறு ஐந்து தடவை செய்யுங்கள். கழுத்தை வேகமாக வட்டமாகச் சுழற்றுவதையும், நெட்டி முறிக்க ஒருவரிடம் கழுத்தைக் கொடுப்பதையும் தவிருங்கள்.

4. வெயிலும் காற்றும்

காண்டாவன வெயிலில் தார் வீதியிலிருந்து எழும் ஒளியைத் தாங்கமுடியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓடும்போது நெற்றித் தசைகளும் இறுகுகின்றன. கூசும் ஒளியே சிலருக்கு ஒற்றைத் தலையிடியைத் தூண்டும். விளிம்புள்ள தொப்பி, முடியுமானால் நிறக்கண்ணாடி என்பன உதவும். துவாயைத் தலையில் கட்டலாம். ஆனால் இறுக்கிக் கட்டினால் அந்த அழுத்தமே தலையிடியைத் தரும். தலைக்கவசமும் அவ்வாறே அளவானதாக இருக்க வேண்டும்.

சோளகக் காற்றை எதிர்த்து மிதிப்பது பாரம் ஏற்றிக்கொண்டு ஓடுவதற்குச் சமம். காற்று எழுமுன் போவது, பத்து மணிமுதல் மூன்று மணிவரையுள்ள வெயிலில் வீதியில் நில்லாமல் இருப்பது, இருவர் சென்றால் முறை மாறி முன்னே ஓடுவது என்பன பாரத்தைக் குறைக்கும்.

உடலை ஒரேயடியாக வருத்தும்போது மட்டும் வரும் தலையிடியும் உண்டு. ஏற்றத்திலோ எதிர்க்காற்றிலோ முழுப்பலத்தோடு மிதிக்கும்போது தலையின் இரு பக்கமும் துடிப்பதுபோல் இடிக்கும். பொதுவாக இது இரண்டு நாளுக்கு மேல் நீடிக்காது. முதல் பத்து நிமிடத்தை மெதுவாக ஓடி உடலைச் சூடாக்கினால் பெரும்பாலும் தவிர்க்கலாம். எனினும் இவ்வகைத் தலையிடி முதன்முறையாக வந்தால், தலைக்குள் இரத்தக்கசிவு போன்ற வேறு காரணம் இல்லை என்பதை வைத்தியர் ஒருவர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

5. மருந்தடித்த நாளின் தலையிடி

பயிருக்கு மருந்தடித்துவிட்டு வந்த நாளில் வரும் தலையிடியை வெயிலின்மேல் போடாதீர்கள். தலையிடியோடு அதிக வியர்வை, வாயில் நீர் ஊறல், சத்தி, வயிற்று நோ, பார்வை மங்கல், கண்மணி சுருங்கல், தசை துடித்தல் என்பன இருந்தால் அது நஞ்சேறியதன் அறிகுறி. உடையைக் கழற்றி, உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, மருந்துப் போத்தலின் லேபலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். அவரைத் தனியே சைக்கிள் ஓடவிடாதீர்கள்.

ஒற்றைத் தலையிடி என்பது என்ன?

மேலே கூறிய காரணங்கள் எவருக்கும் தலையிடியைத் தரலாம். ஆனால் சிலருக்கு அவை ‘மைக்கிரேன்’ எனப்படும் ஒற்றைத் தலையிடியைத் தட்டி எழுப்பிவிடுகின்றன. இது பரம்பரையாகவும் வரும் ஒரு நரம்பு நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் தலையின் ஒரு பக்கத்தில், நாடி துடிப்பதுபோல் இடிக்கும். நடந்தாலும் படியேறினாலும் கூடும். சத்தி வரும், அல்லது வரப்பார்க்கும். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. வைத்தியம் செய்யாவிடில் 4 மணித்தியாலம் முதல் 72 மணித்தியாலம் வரை நீடிக்கும். சிலருக்குத் தலையிடி தொடங்குமுன் 5 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை கண்முன் மின்னல் போன்ற வளைந்த கோடுகள் தெரியும். அல்லது கை, முகம் விறைக்கும். இந்த முன்னறிகுறி தொடங்கினால் சைக்கிளை விட்டு இறங்கி நிழலில் இருங்கள். பார்வை தெளியாமல் வீதியில் ஓடுவது உயிராபத்து.

இதனைப் “பீனிசம்” என்று எண்ணிப் பல ஆண்டுகள் ஆவி பிடிப்பவர்கள் உள்ளனர். “செய்வினை” என்று எண்ணிக் காசைக் கரைப்பவர்களும் உள்ளனர். “வேலை செய்யப் பஞ்சியில் சாட்டுச் சொல்கிறாள்” என்று வீட்டார் கூறுவதும் உண்டு. இவை எதுவுமல்ல, இது உண்மையான நோய்.

பசி, நித்திரைக் குறைவு, மாதவிடாய், வெயில், கவலை என்பன இதனைத் தூண்டும். இடம்பெயர்ந்த வாழ்வில் இவை எல்லாமே ஒன்றாக இருக்கின்றன. ஒரே அறையில் ஏழுபேர் படுக்கும் வீட்டில் நல்ல நித்திரை ஏது? காணி, கடன், காணாமற்போனவர்கள் பற்றிய ஏக்கம் இரவில்தான் வரும். இவற்றையெல்லாம் ஒரு கட்டுரை தீர்த்துவிடாது. ஆனாலும் படுக்கும் நேரத்தையும் எழும்பும் நேரத்தையும் ஒரே ஒழுங்கில் வைத்திருப்பதும், பாரத்தை ஒருவரோடு மனம்விட்டுப் பேசுவதும் தலையிடியைக் குறைக்கும்.

சைக்கிளே ஒற்றைத் தலையிடிக்கு எதிரி என்று எண்ண வேண்டாம். சுவீடன் நாட்டில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஒற்றைத் தலையிடி உள்ளவர்கள் கிழமைக்கு மூன்று தடவை, 40 நிமிடம் வீதம், நிலையான சைக்கிளை மிதித்தனர். அவர்களுக்குத் தலையிடி குறைந்தது. அந்தக் குறைவு, தடுப்பு மருந்து எடுத்தவர்களுக்குக் கிடைத்த குறைவுக்கு ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. அளவான, ஒழுங்கான மிதிப்பு நன்மை தருகிறது. பசியோடும் தாகத்தோடும் பாரத்தோடும் வெயிலில் மிதிப்பதே தலையிடியைத் தருகிறது.

குளிசை: உதவியும் ஆபத்தும்

தலையிடி வந்தால் முதலில் நிழலான, அமைதியான இடத்தில் படுத்து, தண்ணீர் குடித்து, நெற்றியிலும் பிடரியிலும் ஈரத்துணி போடுங்கள். குளிசை வேண்டுமாயின் தொடக்கத்திலேயே எடுப்பது நல்லது. வளர்ந்த ஒருவர் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் (பனடோல் என்று கூறுவதும் இதுவே) இரண்டு எடுக்கலாம். ஆறு மணித்தியாலத்தின் பின்னரே அடுத்தது. ஒரு நாளில் எட்டுக்கு மேல் எடுக்கவே கூடாது. மெலிந்தவர்கள், ஈரல் வருத்தம் உள்ளவர்கள், மதுபானம் பாவிப்பவர்கள் இதனிலும் குறைவாகவே எடுக்க வேண்டும். தடிமனுக்கு விற்கும் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் இருப்பதால், இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

டைக்குளோபெனக், ஐபுபுறோபன் போன்ற நோக்குளிசைகளில் மிகுந்த கவனம் தேவை. உடலில் நீர் வற்றியிருக்கும்போது இவற்றை எடுத்தால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைந்து சிறுநீரகம் பழுதடையலாம். வெயிலில் மிதித்து வந்து, தண்ணீரும் குடியாமல், இந்தக் குளிசையைப் போடுவதே மிக மோசமான வேளை. வடமத்திய மாகாணத்திலும் வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளிலும் கமக்காரர்களிடையே காரணம் முற்றாகத் தெளியாத சிறுநீரக நோய் 1990கள் முதல் காணப்பட்டு வருகிறது. அத்தகைய இடங்களில் உள்ளவர்கள் சிறுநீரகத்தை இரட்டிப்பாகப் பாதுகாக்க வேண்டும். வயிற்றுப்புண் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இக்குளிசைகளை எடுக்கக்கூடாது. தலையிடியோடு காய்ச்சலும் இருந்தால் அது டெங்குவாக இருக்கலாம். அப்போது இவையும் அஸ்பிரினும் இரத்தப்போக்கை உண்டாக்கும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்க வேண்டாம்.

இன்னுமொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. தலையிடிக் குளிசையே தலையிடியைத் தரும். சாதாரண நோக்குளிசையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துவந்தால், மூளை அதற்குப் பழகி, குளிசை இறங்கும்போதெல்லாம் தலையிடி எழும். பல மருந்துகள் கலந்த குளிசைகளுக்கு 10 நாளே போதும். மேலே கூறிய தாய்க்கு நடந்ததும் இதுவே. இந்நிலைக்கு மருந்து, குளிசையை நிறுத்துவதுதான். நிறுத்திய முதல் ஒன்றிரண்டு கிழமை தலையிடி கூடும். ஆகவே வைத்தியரிடம் கூறி, அவரது துணையோடு நிறுத்த வேண்டும்.

மாதத்தில் நான்கு தடவைக்கு மேல் ஒற்றைத் தலையிடி வருமாயின் அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்லுங்கள். வராமல் தடுக்க மருந்துகள் உண்டு. அவற்றுள் ஒன்றான புறொப்பிறனலோல் முட்டு வருத்தக்காரருக்கு ஆகாது. எனவே உங்களுக்குள்ள மற்ற வருத்தங்களை வைத்தியருக்கு மறைக்காமல் கூறுங்கள். கண்முன் கோடுகள் தெரியும் வகை ஒற்றைத் தலையிடி உள்ள பெண்கள், குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுப்பவராயின், குடும்பநல உத்தியோகத்தரிடம் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். ஈஸ்திரோஜன் கலந்த குளிசை அவர்களுக்குப் பாரிசவாத ஆபத்தைக் கூட்டும். வேறு முறைகள் உண்டு.

போர்க்காலத்தில் தலையில் காயம்பட்டவர்களுக்கு நீண்டகாலம் தலையிடி இருக்கலாம். உடலில் செல் துண்டோ சன்னமோ இருப்பவர்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்குமுன் அதைக் கட்டாயம் கூற வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் உலோகத் துண்டை அசைக்கக்கூடும்.

உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டிய வேளைகள்

• இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறும் தலையிடி.
• காய்ச்சலோடு கழுத்து விறைப்பு.
• ஒரு பக்கக் கை கால் சோர்தல், வாய் கோணல், பேச்சுக் குளறல், பார்வை இழப்பு.
• வலிப்பு, மயக்கம், ஆளையும் இடத்தையும் மாறி விளங்குதல். வெயிலில் நின்றவரின் உடல் அனலாகக் கொதித்து, அவர் பிதற்றினால் அது வெப்ப அதிர்ச்சி. நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அறிவு தெளியாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.
• சைக்கிளால் விழுந்து தலை அடிபட்டபின் தலையிடி கூடுதல், திரும்பத் திரும்பச் சத்தி, நித்திரை மயக்கம், காதாலோ மூக்காலோ நீர் அல்லது இரத்தம் வடிதல். விழுந்தவரை இரண்டு நாளாவது தனியே விடக்கூடாது.
• ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிக்குக் கடும் தலையிடி, பார்வை மங்கல், முகம் கை வீக்கம்.
• ஐம்பது வயதுக்குப் பின் முதன்முதலாகத் தொடங்கும் தலையிடி, அல்லது நாளுக்கு நாள் கூடிவரும் தலையிடி. இவற்றுக்கு அம்புலன்ஸ் தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கிழமையே வைத்தியரைக் காணுங்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்த இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

அந்தத் தாய் என்ன செய்தார்?

முதலில் ஒரு கலண்டரை எடுத்தார். தலையிடி வந்த நாளுக்கு ஒரு வட்டம், குளிசை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி, வெறும் வயிற்றோடு போன நாளுக்கு ஒரு கோடு. ஒரு மாத முடிவில் அந்தத் தாளே பேசியது. கோடு உள்ள நாள்களில் எல்லாம் வட்டமும் இருந்தது. புள்ளிகள் இருபத்துநான்கு இருந்தன. அந்தத் தாளை வைத்தியரிடம் காட்டினார். வைத்தியர் குளிசையை நிறுத்தச் சொன்னார். முதல் பத்து நாள்களும் மிகவும் கடினமாக இருந்தன. அந்த நாள்களில் அயல் தோட்டத்தார் முறைவைத்து அவரது வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டனர். மூத்த மகன் காண்டிலை உயர்த்திக் கொடுத்தான். காலைக் கஞ்சி இல்லாமல் புறப்படுவதில்லை என்று அவர் முடிவெடுத்தார். வெயிலில் திரும்பாமல், நான்கு மணிக்குப் பின் திரும்பினார். அதற்காக வீட்டில் மாலைச் சமையலை மற்றவர்கள் பொறுப்பேற்றனர்.

மூன்று மாதத்தின் பின் மாதத்தில் இரண்டு தடவைதான் தலையிடி வந்தது. அது முற்றாக நிற்கவில்லை. ஆனால் காணியைக் குத்தகைக்குக் கொடுக்கும் பேச்சு நின்றுவிட்டது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. தலையிடி ஒருவரது தலைக்குள்தான் இருந்தது. ஆனால் அதைக் குறைக்க மகனும், வீட்டாரும், அயல் தோட்டத்தாரும், வைத்தியரும் தேவைப்பட்டனர். தனியே நின்று குளிசையோடு போராடியபோது அவர் தோற்றுக்கொண்டிருந்தார்.

ஊர்க் கூட்டத்தில் கலந்துரையாடுவதற்கு

1. எமது ஊரிலிருந்து தோட்டத்துக்கு அதிக தூரம் போய்வருவோர் யார்? அவர்களுள் எத்தனைபேர் பெண்கள்?
2. வழியில் நிழலும் குடிநீரும் எங்கே உண்டு? இல்லாத இடத்தில் ஒரு தண்ணீர்ப் பானை வைக்க யார் முன்வருவர்?
3. தோட்டப் பகுதியில் பெண்களுக்கு மலசலகூடம் உண்டா? இல்லையெனில் எந்தக் காணியில் அமைக்கலாம்?
4. நாலைந்து தோட்டங்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விட்டால், ஒவ்வொருவரும் கிழமையில் எத்தனை நாள் ஓட்டத்தை மிச்சப்படுத்தலாம்?
5. எமது வீடுகளில் மாதத்துக்கு எத்தனை நோக்குளிசை வாங்கப்படுகிறது? இன்றே ஒரு கலண்டரில் குறிக்கத் தொடங்குவோமா?